பச்சை வயர்

என் மனைவிக்கு அவளுடைய அம்மாவின் முகம் தெரியும். பீரோவுக்குள் ஒரு போட்டோ இருக்கிறது. குரல் தெரியாது. இவளுக்கு ஒரு வயது ஆகும்போதே அம்மா இறந்துவிட்டார். அவர் சர்ச்சில் தனியாகப் பாடியது ஓர் இசைத்தட்டில் இருக்கிறது என்று போன மாதம்தான் தெரியவந்தது. புதுச்சேரியில் இருக்கும் இவளுடைய சித்தப்பா அதைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து திரும்ப எடுத்துக்கொள்வாராம்.

"கீறல் வுழுந்த தட்டு. சோதனை பண்றதுக்கெல்லாம் இத ஓட்டாதீங்க" என்றாள் மனைவி.

என்னிடமிருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்டு பிளேயரை மாட்டினால் கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். ஊசியிலிருந்து வரும் சத்தம் அவ்வளவு சன்னமானது. அதைத் தூக்கிக் கொடுக்க போனோ ஸ்டேஜ் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அது உள்ளேயே இருக்கிற ஆம்ப்ளிஃபயர் போதும் என்றார் கடைக்காரர். எனக்குத்தான் எதிலும் பெரிசாக வேண்டுமே! பெரிய ஆம்ப்ளிஃபயர், தனி போனோ ஸ்டேஜ் என்று எடுத்தேன். கனெக்‌ஷன் கொடுக்கும் விதத்தைச் சொல்ல வந்தவரைத் தடுத்து, "இருவது வருஷமா விருத்தாசலத்துல கரண்டு கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் சுடுறவங்க. எங்களுக்கா கரண்டு தெரியாது?" என்றேன்.

வேறொரு தட்டை வைத்துப் பார்த்தேன். பாட்டுக்கு மேலே 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வெள்ளிக்கிழமை போனோ ஸ்டேஜை மாற்றி வாங்கி வந்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன். ஃபாக்டரியிலிருந்து பீங்கான் இன்சுலேட்டர்களைக் கொண்டுவந்து ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் வைத்தேன். ம்ஹூம்.

ஞாயிறு நாலு மணிக்கே சித்தப்பா வந்துவிட்டார். தட்டை எடுத்துப்போகக் கொண்டுவந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தார். நான் மறுபடியும் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மனைவி, "பிளேயர்லேருந்து வர்ற இந்தப் பச்சை வயருக்கு ஏன் டேப் சுத்தி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"எங்கயும் மாட்டாத வயரு. கரண்டு கசியக் கூடாதுன்னு நாந்தான் சுத்தினேன்."

"கடைக்காரருக்குப் போன் பண்ணிக் கேளுங்க."

"ஒண்ணும் வேணாம்."

"எங்கம்மாவ விடவா உங்க ரோசம் பெரிசு?"

அவமானத்தை விழுங்கிக்கொண்டு போன் போட்டேன். "அது எர்த்து வயரு சார். போனோ பெட்டிக்குப் பின்னாடி தனியா ஒரு திருகு இருக்கும், அதுல மாட்டுங்க. அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார். கசிவை அடைத்தே பழகிய புத்தி, அதற்குப் போக ஒரு வழி விட வேண்டும் என்று யோசிக்கவில்லை. டேப்பைப் பிய்த்து வயரை அந்தத் திருகில் மாட்டினேன். இரைச்சல் பட்டென்று நின்றது.

அம்மாவின் தட்டை வைத்தேன். ஊசியை இறக்கினேன். கீறல் இரண்டு முறை டக் டக்கென்றது. பிறகு, பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு பெண் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அந்த இரைச்சல் இருந்திருந்தால் அது கேட்டிருக்காது.

முதல் வரி முடிவதற்குள் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"பாட்டு இருக்கட்டுங்க. அந்த மூச்ச இன்னொரு தடவ வைங்க."

சித்தப்பா துணிப்பையை மடித்துக் கீழே வைத்தார்.