பால் குடுக்கிற சீவன்

எங்கள் கீரி ஊர் வேதக்கோயில் உபதேசியார் எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். பூசை வைக்க வெள்ளைக்காரச் சுவாமி எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் எது பாவம், எது பாவமில்லை என்று சொல்பவர் இவர்தான். சொல்லுமுன் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடுவார். மனிதன் நெஞ்சில் சர்வேசுரன் எழுதிய சட்டத்தை வாசிக்கிறாராம்.

ஒரு தபசுகாலத்தில் பத்து நாளாக மீனே இல்லை. பிறகு என் வலையில் கடற்பன்றி ஒன்று அகப்பட்டது. உயிர்த்த ஞாயிறு வரும்வரை எங்களுக்கு இறைச்சி ஆகாது; மீன் ஆகும். இது மீனா, இறைச்சியா? உபதேசியார் கரைக்கு வந்து, குனிந்து, அதன் முலையைத் தடவிப் பார்த்தார். கண்ணை மூடினார்.

“பால் குடுக்கிற சீவன் மீன் இல்லை, தம்பி. தொடாதேங்கோ.”

கைக்குழந்தையோடு என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். பெயரில் பன்றி இருந்தாலும் அதைச் சாப்பிடும் முஸ்லிம் அயலவருக்கு முழுவதையும் கொடுத்துவிட்டோம். அந்தக் கிழமையே பட்டினியில் அவளுக்குப் பால் வற்றியது. உயிர்த்த ஞாயிறுக்கு முன் பிள்ளையைப் புதைத்தோம்.

துக்கம் கேட்க வந்த சுவாமி, “பால் கொடுக்கும் தாய்க்கு அந்தக் கட்டளையே இல்லையே! உபதேசியாருக்குத் தெரியுமே” என்றார்.

நேரே போய்க் கேட்டேன்.

“தெரியும், தம்பி. ஒருத்திக்கு விலக்குச் சொன்னால் ஊர் முழுக்க இறைச்சி காய்ச்சும்.”

“அவள் பிள்ளையோடை பக்கத்திலை நிண்டவள். நீங்கள் காணேல்லையோ?”

இந்த முறை கை நெஞ்சுக்குப் போகவில்லை.

“கண்டனான்.”

காணவில்லை என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். ஆனால் பொய் சொல்வது பாவமாம். அதை மட்டும் அவர் செய்யவில்லை.