சிவப்பு நூல் கட்டிய குடுவை

உப்பளம் பழைய துறைமுகத்தில்தான் அவரைப் பார்த்தேன். கடல் வாசனையில் கலந்திருக்கும் கந்தகத்தை அளப்பவர். உப்புப் பூத்த புருவம், ஒட்டிய கன்னம். தன் மூச்சு கலந்துவிடக் கூடாதென்று, மூச்சை அடக்கிக்கொண்டுதான் எஃகுக் குடுவையைத் திறந்து காற்றைப் பிடிப்பார்.

அது தெரியாமல் நெருங்கிப் போய், "என்ன சார் புடிக்கிறீங்க?" என்றேன்.

சட்டென்று மூடினார். "போச்சு. உங்க மூச்சும் உள்ள போயிடுச்சி."

குடுவையில் சிவப்பு நூல் கட்டினார். பெட்டிக்குள் அதேபோல் நூல் கட்டிய இன்னொன்று இருந்தது.

"அது யாரோடது?"

"ஒரு படகுக்காரரு. இதே மாதிரி பேசிட்டாரு. மறுவாரம் கடலுக்குப் போனவரு திரும்பல. தொறந்து வுட மனசு வரல."

என்னுடையதையும் அதன் பக்கத்திலேயே வைத்தார். நான்தான் உயிரோடு இருக்கிறேனே, திறந்துவிடலாமே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த குடுவையைத் திறந்துவிட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.