நான்காம் தீர்மானமும் இரும்புக்கடை பாயும்

சனிக்கிழமை காலை பால் கறந்து முடித்துத் தூக்கை வாசலில் வைத்த நேரம் போன் அடித்தது. இரும்புக்கடை கரீம் பாயின் மகன் அன்வர் பேசினான். "அக்கா, அத்தா போயிட்டாரு. காலைத் தொழுகை முடிச்சிட்டு செத்த நேரம் படுக்கிறேன்னாரு. நாஷ்டாவுக்கு எழுப்பப் போனா ஒடம்பு சில்லுன்னு கீது" என்றான். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. நல்லவேளை, போன மாதமே சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். ஒருவர் இறந்த செய்தி கேட்டு இப்படியா நினைப்பாள் ஒருத்தி என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எதைச் சொன்னேன், ஏன் அப்படி ஒரு நிம்மதி என்பதை அவரை அறிந்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்களில் பலருக்கு அவர் உத்திரமேரூர் கடைத்தெருவில் மண்வெட்டி, கடப்பாரை, ஆணி, தாம்புக் கயிறு விற்றவர். எனக்கு அவர் எங்கள் ஊராட்சியின் துணைத் தலைவர். கடை டவுனில் இருந்தாலும் வீடு எங்கள் ஊரில், திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம். பெண்களுக்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் ஊராட்சித் தேர்தலில் நான் தலைவரானேன். ஆனேன் என்பதைவிட ஆக்கப்பட்டேன் என்பதே சரி. என் கணவரின் அண்ணன் தணிகாசலம் மாமாதான் ஊரில் பெரிய கை. "பத்தாவது படிச்சிகீற, கையெழுத்து முத்து முத்தா கீது. நீ கையெழுத்து போடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் உத்திரமேரூர்க் கோயில் கல்லில் தேர்தல் விதியெல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் வந்து வாய் பிளப்பார்கள். அந்தக் கல்லின்படி பார்த்தால் பெண்ணான என் பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள்ளேயே விழுந்திருக்காது.

பாயிடம் அரசியல் சட்டம் வந்து சேர்ந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆணி மடிக்கக் கிலோ கணக்கில் பழைய பேப்பர் வாங்குவார். அதில் ஒரு தடிப் புத்தகம் வந்தது. தமிழில் இருந்த அரசியல் சட்டம். என்ன புத்தகம் என்று பார்க்காமலே முதல் சில தாள்களைக் கிழித்து ரெண்டு அங்குல ஆணி மடித்துக் கொடுத்துவிட்டார். நாலாவது தாளைக் கிழிக்கும்போது கண்ணில் ஏதோ வரி பட்டிருக்கிறது. கடையில் ஆள் நிற்பதையும் மறந்து படிக்க ஆரம்பித்தவர், அதன்பிறகு விடவில்லை. "நம்ம சட்டத்துல முகவுரை கிடையாதும்மா. அது ஆணியோட யாரு வூட்டுக் கூரைக்கோ போயிடுச்சி" என்பார். பாதி ஊருக்கு இந்தச் சிரிப்பைச் சொல்லியிருப்பார்.

அவர் அந்தப் புத்தகத்தில் தேடியது ஒன்றே ஒன்றை. யாருக்கு எது வரைக்கும் அதிகாரம் என்பதை. "மிலிட்டரி, ரயிலு, தபாலு டெல்லிக்கு. போலீசு, ஆஸ்பத்திரி, நெலம் மெட்ராஸுக்கு. கல்யாணம், காடு ரெண்டு பேருக்கும் பொது. பிரதம மந்திரியே ஆனாலும் லிஸ்ட்டுக்கு வெளிய கால் வச்சா கோர்ட்டு புடிச்சி உள்ள இழுத்துடும்" என்று விலாவாரியாகச் சொல்வார். ஊராட்சிக்கு உரியது அந்தப் பழைய பதிப்பில் இல்லை. எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியபோது ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று இருபத்தொன்பது வேலைகள் அதில் வரிசையாக இருந்தன. மற்ற உறுப்பினர்கள் அதை வைத்து விசிறிக்கொண்டார்கள். பாய் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்தக் கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும், "இது எதுல வருது?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேஜார் பிடித்த மனுஷன் என்று வீட்டில் வந்து திட்டியிருக்கிறேன்.

கேள்வி எங்களிடம் மட்டுமல்ல. ஒரு கோடையில் தெருக்குழாய் வறண்டு போய், ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனோம். அங்கிருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், "தண்ணி விஷயமெல்லாம் மேல பாத்துப்பாங்க, நீங்க போங்கம்மா" என்றார். நான் திரும்பிவிட்டேன். பாய் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்து, "பதினொண்ணு சார். குடிநீரு. நாங்க கேக்காம யாரு கேப்பாங்க?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த வாரமே மோட்டார் மாற்ற ஆள் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில், "குடுக்கலாம்னுதான் எழுதிகீறாங்க, குடுத்தே ஆவணும்னு எழுதல. அதனால நாமதான் கேட்டுக்கினே இருக்கணும்" என்றார். அவருக்குத் தடுக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஏகாம்பரம் என்று எங்கள் ஊரில் ஒரு குடும்பக்காரர். வரப்புத் தகராறு ஒன்றில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஊருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊராட்சிக் கூட்டத்தில் தொட்டி கழுவுவது, சிறுபாலம், பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் என்று மூன்று தீர்மானங்கள் எழுதி முடித்திருந்தேன். அப்போது தணிகாசலம் மாமா பத்துப் பேரோடு உள்ளே வந்தார். "எழுதும்மா. ஏகாம்பரம் குடும்பத்தாரை ஊரு தள்ளி வச்சிகீது. கடையில சாமான் குடுக்கக் கூடாது, வேலைக்குக் கூப்பிடக் கூடாது, பைப்புல தண்ணி புடிக்கக் கூடாது. முன்னெல்லாம் வாயால சொன்னோம். இப்போ நம்மகிட்ட கவர்மெண்டு சீல் கீது. சீல் போட்டுட்டா அவன் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊர்க்கூட்டமும் ஊராட்சியும் ஒன்றுதான், இப்போது அதற்கு மேசையும் சீலும் வந்திருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி நிறைமாதம் என்பது தெரியும். அதையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, 'தீர்மானம் எண் 4: ஏகாம்பரம் குடும்பத்தார்' என்று முத்து முத்தாக எழுதினேன்.

"இது எதுல வருது?" என்றார் பாய்.

"இன்னா பாய், ஊர் விஷயத்துல லிஸ்ட்டு பேசிக்கினு" என்று மாமா சீறினார். பாய் அசரவில்லை. "நான் தப்பா சொல்லல முதலியாரே. படிக்கிறேன். எதுல வருதுன்னு நீயே காட்டு. காட்டினா மொதல் கையெழுத்து என்னுது" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒன்று, விவசாயம். நிமிர்ந்து பார்த்தார். யாரோ, "அது இல்ல, மேல போ" என்றார்கள். நாலு, ஆடு மாடு கோழி. அஞ்சு, மீன் வளர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, மாமாவின் முகத்தைப் பார்த்து, பதில் வந்தபிறகுதான் அடுத்ததுக்குப் போனார். பதினொன்றில் ஒருவர் துள்ளினார். "அதான் பாய், குடிநீரு. பைப்பை நிறுத்தலாமில்ல?" பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தண்ணி குடுக்கத்தான்யா இது நம்ம கையில கீது" என்றார். துள்ளியவர் உட்கார்ந்துவிட்டார்.

நூலகம், சந்தை, சுகாதாரம், தாய் சேய் நலம் என்று போய்க்கொண்டே இருந்தது. தாய் சேய் நலம் என்றதும் அறையில் ஒருவரும் "அது இல்ல" என்று சொல்லவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி முகம் என் கண்முன் வந்தது. இருபத்தொன்பதும் முடிந்தபோது உச்சிவெயில் இறங்கியிருந்தது, டீயும் வந்திருந்தது. முழுப் பட்டியலிலும் செய்வதும் கொடுப்பதும்தான் இருந்தன. தண்டிப்பது ஒன்றுகூட இல்லை. "தப்பு யாருதுன்னு சொல்றது கோர்ட்டு வேலை. நம்ம வேலை விளக்கு, தண்ணி, ரோடு. எழுதினா அது உன் கையெழுத்தும்மா. நாளைக்குக் கேக்கும்போது ஊரு பக்கத்துல நிக்காது, கையெழுத்துதான் நிக்கும்" என்றார் என்னிடம். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில்தான் நான் வாழ வேண்டும், அந்த அடுப்பில்தான் சமைக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாமா, எதுலயும் வரல" என்றேன். அவர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

பாதி எழுதிய வரி இருந்ததே. தீர்மானப் புத்தகத்தில் தாளைக் கிழிக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய்தான், "அவங்க தெருவுல விளக்கு எரியல இல்ல? பதினாலுல வருது" என்றார். அப்படியே தொடர்ந்து எழுதினேன்: 'ஏகாம்பரம் குடும்பத்தார் வசிக்கும் தெருவில் எரியாத விளக்கை மாற்றுவது.' எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பத்து நாள் கழித்து, ஊர்விலக்கு என்று யாரோ மனுப் போட்டதாக ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். நான்காவது தீர்மானத்தை இரண்டு தடவை படித்தார். "விளக்கு மாத்தியாச்சா?" என்று மட்டும் கேட்டார். வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. மாமா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவருடைய முகமும் தெளிந்ததைப் பார்த்தேன்.

இதுவரை நான் சொன்னது நல்ல கதை. இனிமேல்தான் என் கதை. சில வருஷம் கழித்துக் காஞ்சிபுரத்தில் பெண் தலைவர்களுக்கு ஒரு விழா நடந்தது. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்ததும் எனக்கு என்ன ஆனதோ, "ஊரே எதிர்த்து நின்றபோது நான் ஒருத்தியாக மறுத்தேன்" என்று முழங்கினேன். என் பேச்சில் லிஸ்ட்டும் இல்லை, பாயும் இல்லை. பொன்னாடை போர்த்தினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாயும் கை தட்டினார். அந்தக் கைதட்டல் அதற்கப்புறம் என்னைத் தூங்க விடவில்லை. கடைத்தெருவில் அவர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் மட்டும் எப்போதும்போல, "இன்னா பிரசிடெண்டம்மா, சௌக்கியமா?" என்பார். பதவி போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்.

போன மாதம் அவர் கால் வீங்கி வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். உட்கார்ந்ததும் போட்டு உடைத்துவிட்டேன். "பாய், அன்னிக்கு மேடையில உங்க பேரை முழுங்கிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அட, இத்தினி வருஷமா இதையா தூக்கிக்கினு திரிஞ்ச? கையெழுத்து போடற அதிகாரம் யாருகிட்ட இருந்துச்சி? உன்கிட்ட. நான் லிஸ்ட்டு படிச்சேன், அதுக்கு எந்த அதிகாரமும் வேணாம். போடாம வுட்டது நீதானே? கை தட்டாம இன்னா பண்ணுவேன்?" என்றார். பிறகு, "பொன்னாடையில மட்டும் பாதி குடுத்திருக்கலாம்" என்று சிரித்தார். இருமல் வரும்வரை இருவரும் சிரித்தோம். பல வருஷத்துப் பாரம் ஒரு டீ ஆறுவதற்குள் இறங்கிவிட்டது. அன்வரின் போன் வந்தபோது எனக்கு வந்த பெருமூச்சு அதனால்தான். தள்ளிப் போட்டிருந்தால் இன்றைக்கு யாரிடம் போய்ச் சொல்வேன்?

அடக்கத்துக்கு எடுத்துப் போகும்போது நான் தெருமுனையில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பக்கம் அன்வர் தோள் கொடுத்தான், மறுபக்கம் ஏகாம்பரம். இரண்டடி பின்னால் தணிகாசலம் மாமா கைத்தடியை ஊன்றி வந்துகொண்டிருந்தார். விளக்குக் கம்பத்தருகே ஏகாம்பரம் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்வர் அந்தச் சின்னப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தான். இருபத்தொன்பதுக்குக் கீழே பாய் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'இதோடு சரி' என்று எழுதி வைத்திருக்கிறார். நான் இப்போது எதற்கும் தலைவர் இல்லை. வீட்டில் இரண்டு மருமகள்கள், அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். நேற்று சின்னவள் டவுனில் தையல் வகுப்பில் சேரப் போகிறேன் என்றாள். என்னைக் கேட்காமல் நீயாக எப்படி முடிவு செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. இது எதுல வருது? எதிலும் வரவில்லை, பாய். "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு" என்றேன்.