தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன்

நான் ஒரு பொய் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. வந்துவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய்யால் என் தோழியின் பெயர் கெட்டது. நான் வாயைத் திறக்கவில்லை!

இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

குத்தாலம் பக்கத்தில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளி. எல்லோரும் ஹாஸ்டல், எங்கள் வகுப்பில் நான் ஒருத்தி மட்டும் டே ஸ்காலர். பள்ளி மெஸ்ஸுக்கு அரிசி போடுகிறவர் என் அப்பா. வீடும் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். அதனால் எனக்கு மட்டும் சலுகை. ஒரே ஒரு கண்டிஷன்: வெளியிலிருந்து எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. தின்பண்டமும் கூடாது, சேதியும் கூடாது. மீறினால் டி.சி.

மீறாமல் இருப்பேனா! மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் என் டிபன் பாக்ஸின் அடித்தட்டில் உள்ளே போகும். கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது, எந்த நடிகைக்குக் கல்யாணம்... எல்லாம் என் வாய் வழியாகத்தான். காலையில் நான் கேட்டைத் தாண்டும்போதே, "வந்துட்டாடி!" என்று ஓடி வருவார்கள். அடடா, அந்தப் பெருமை! எம்.எல்.ஏ.வுக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது.

ஆனால்... எனக்கு அவர்கள்மேல் பொறாமை. ராத்திரி அவர்கள் அடித்த கூத்தெல்லாம் காலையில் எனக்கு ஆறிய சோறாகத்தான் கிடைக்கும். "நீ இருந்திருக்கணும்டி" என்பார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃபர்ஹானா பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். சவுதியில் பிறந்து வளர்ந்தவள். வாப்பாவுக்கு அங்கே வேலை. மகள் நம் ஊரில் படிக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார். வந்த சில நாளிலேயே நாங்கள் அப்படி ஒட்டிக்கொண்டோம்! அந்தச் சமயம் மேட்டூர் அணை திறந்தாயிற்று, தண்ணீர் எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. காய்ந்து வெடித்த வாய்க்காலில் புதுத் தண்ணீர் வருவதை அவள் பார்த்ததே இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் கண் விரியும். சருகையும் நுரையையும் உருட்டிக்கொண்டு வரும், வெடிப்புக்குள் இருக்கும் பூச்சியெல்லாம் அலறியடித்து ஓடும், நாங்களும் தண்ணீருக்கு முன்னால் வாய்க்காலுக்குள்ளேயே ஓடுவோம் என்பேன்.

"அல்லா! வந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும், சரியா?"

"உங்கிட்டதான்டி."

அன்று காலை... யாரும் ஓடி வரவில்லை! முந்தின இரவு ஏதோ நடந்திருக்கிறது. மெஸ் வாசலில் கும்பலாக நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நடுவில் ஃபர்ஹானா. என் ஃபர்ஹானா! என்னைப் பார்த்தாள், கையைக் காட்டினாள், மறுபடி அவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நேராகப் போய் அவள் காதில் சொன்னேன்.

"வந்துடுச்சுடி."

"நெஜமாவா?"

"ஸ்கூலுக்குப் பின்னாடியே! நுரை பொங்கிக்கிட்டு வருது!"

கும்பலை விட்டு வந்துவிட்டாள்! என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். பொய்யென்று தெரிந்தும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்... அதை இன்றைக்கும் மறைக்க முடியவில்லை. ஹாஸ்டல் பெண் வெளியே போய்ப் பார்க்கவா போகிறாள் என்று நினைத்தேன்.

போனாள்! சாயங்காலம் நான் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மெஸ்ஸுக்குப் பின்னால் அடுக்கியிருந்த விறகின்மேல் ஏறி, மதிலைத் தாண்டிக் குதித்திருக்கிறாள். வாய்க்கால் கண்ணில் படுவதற்குள், மூங்கில் புதருக்கு இந்தப் பக்கமே வாட்ச்மேன் பிடித்துவிட்டார். "தண்ணி பார்க்கப் போனேன்" என்றாளாம். அவர் போய்ப் பார்த்தால் வாய்க்கால் பொட்டலாகக் கிடக்கிறது.

தண்ணீரே இல்லாத வாய்க்காலைப் பார்க்க ஒரு பெண் மதிலேறிக் குதித்தேன் என்றால், யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்களா?

மறுநாள் வார்டன் எங்கள் வகுப்பில் வந்து நின்றார். "யாருடி தண்ணி வந்துச்சுன்னு சொன்னதுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறா. உங்கள்ல யாராவது சொன்னீங்களா? இல்ல, எவனையாவது பார்க்கப் போனாளா?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 'நான்தான் மேடம்' என்று எழுந்திருந்தால் போதும்; அவள்மேல் விழுந்த பழி அங்கேயே போயிருக்கும்!

எழுந்தேனா?... உட்கார்ந்தே இருந்தேன். டி.சி.க்குப் பயந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நான் ஏமாற்றியது ஃபர்ஹானாவுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தேன். என்ன அநியாயம், பாருங்கள்!

அவள் மாமா வந்து அழைத்துப் போனார். ஊரில் ஒன்றுக்குப் பத்தாகப் பேசினார்கள். அந்த வருடம் அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. வாப்பா சவுதி வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். அவள் போன அதே வாரம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நான் பார்க்கப் போகவில்லை.

போன வாரம் ஃபர்ஹானா கூப்பிட்டாள்! எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்திருக்கிறாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதே சிரிப்பு! வாப்பாவின் துணிக்கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். எனக்குச் சந்தோஷத்தில் நாக்கு குழறியது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த வார்டனை இன்னும் மறக்க முடியலடி. வாய்க்கால் காஞ்சு கெடக்குன்னு மூஞ்சிக்கு நேரா புளுகுனாங்க! வாப்பாகூட இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க, அந்தப் புள்ள சும்மா சொல்லியிருக்கும்னு. அவ அப்படிப்பட்டவ இல்லைன்னு உனக்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? நீயே சொல்லு... அன்னிக்குத் தண்ணி வந்துச்சுதானே?"

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது...

"வந்துச்சுடி," என்றேன். "நுரை பொங்கிக்கிட்டு வந்துச்சு."

அவள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"வாப்பா, கேட்டீங்களா? நான் சொன்னேன்ல!"