பெயருக்குக் காரணம் கேட்ட யாபேஸ் அண்ணன்

நேற்றுக் காலையில் வார்டுக்குள் நுழையும்போது யாபேஸ் அண்ணனின் மனைவி சாரா அக்காவின் போன் வந்தது. “சிஸ்டர், அவுக போயிட்டாக” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு என்று மகள் வாங்கிச் சொன்னாள். போனை வைத்த பிறகும் நான் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கட்டு மாற்ற ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று ஆயாம்மா வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

யாபேஸ் அண்ணன் சிவகாசிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தீக்காய வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருடன் நெடுங்காலம் வேலை பார்த்தவள். அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அறியாதவர்கள் ஒரு நாளாவது அவரைப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வயிற்றில் இருந்தபோதே தந்தை பட்டாசு விபத்தில் இறந்துபோனார். பிள்ளை பிறந்ததும் என்ன பெயர் வைக்கலாம் என்று போதகர் கேட்டிருக்கிறார். “வேதனையோட பெத்தேன் ஐயா. அதுக்குன்னு ஒரு பேரு இருந்தா அதையே வைங்க” என்றாராம் தாய். பைபிளில் அப்படி ஓர் எபிரேயப் பெயர் இருந்தது, யாபேஸ் என்று. ஊரில் வேறு யாருக்கும் இல்லாத அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு விதமாக வாசிப்பார்களாம். “பேர்லயே வலி இருக்கு. என்னை வேற எந்த வார்டுல போடுவாக?” என்று சிரிப்பார்.

தீக்காயத்தில் கட்டுப் பிரிக்கும் நேரம் பொல்லாதது. பெரிய பெரிய ஆண்களும் குழந்தைபோல அலறுவார்கள். அப்போது அண்ணன் குனிந்து, “இந்தப் பேரை ஒங்களுக்கு யாரு வச்சாக? எதுக்கு வச்சாக?” என்று ஆரம்பிப்பார். மூக்கையா என்பவர், தமக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்பதால் பிறந்தவுடன் தமக்கு மூக்குக் குத்திய கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கட்டு பிரிந்திருக்கும். ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவருக்குச் சின்னப்பன் என்று பெயர். காரணம் தெரியவில்லை என்றார். பவுல் என்ற சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள், அதைத்தான் நம் கத்தோலிக்கர்கள் சின்னப்பர் ஆக்கிக்கொண்டார்கள் என்று அண்ணன் விளக்கினார். “இம்புட்டு ஒசரத்த வச்சுக்கிட்டா சின்னவன்?” என்று அந்த வலியிலும் மனிதர் சிரித்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வரும். நேரம் போகிறதே என்று கையைப் பிசைவேன். “அண்ணே, இது வார்டா, பேரு ஆராய்ச்சி நிலையமா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். “வலிக்குதான்னு கேட்டா வலிதான் ஞாபகத்துக்கு வரும் சிஸ்டர். பேரை யாரு வச்சாகன்னு கேட்டா பெத்தவுக ஞாபகம் வரும்” என்றார்.

ஒரு தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கும் நாட்களில், அந்த விபத்து நடந்தது. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஒரே அறையில் வேலை செய்த இருவரைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் வரும் வழியிலேயே இறந்திருந்தார். மற்றவர் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல், குரல் அடைத்துக் கிடந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உடல்வாகு. பெயரும் ஒன்றே, மாரிமுத்து. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் உண்டு.

“மாரிமுத்து உசுரோட இருக்கான்” என்று கம்பெனி ஆள் யாரோ வாசலில் சொல்லியிருக்கிறார். முதலில் ஓடிவந்தவர் மகேஸ்வரி, ஒரு மாரிமுத்துவின் மனைவி. அவரைக் கட்டிலருகே அனுப்பினோம். அடுத்து தாயில்பட்டியிலிருந்து ராமுத்தாய் என்ற வயதான அம்மாள் வந்தார். இன்னொரு மாரிமுத்துவின் தாய். அவரைப் பிணவறைக்கு அனுப்பினார்கள். கருகிப்போன உடம்பில் அவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்? சொன்னதை நம்பி அழுதார்.

மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும்போது அந்த நோயாளிக்கு லேசாகக் குரல் திரும்பியிருந்தது. அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். “மாரிமுத்து ஊரெல்லாம் இருக்காக. வீட்ல ஒங்களை என்னன்னு கூப்பிடுவாக?”

“தவிட்டான்” என்றார் அவர், மூச்சோடு மூச்சாக.

“யாரையோ சொல்றாக. நெனவு தப்புது போல” என்று கலங்கினார் மகேஸ்வரி. அண்ணனின் கை நின்றுவிட்டது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, “ஏம்மா, ஒங்க வீட்டுக்காரருக்கு மூத்தவுக யாராச்சும் பிறந்து தவறினாகளா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே, அவுகதான் தலைப்பிள்ள. இருக்கன்குடி மாரியாத்தா கிட்ட நேர்ந்து பெத்ததுன்னு எங்க அத்தை சாகுற வரைக்கும் சொல்லுவாக.”

அண்ணன் என்னை வெளியே அழைத்தார். “சிஸ்டர், முந்திப் பிறந்த பிள்ளைங்க தங்கலைன்னாத்தான் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விப்பாக. தலைப்பிள்ளையை யாரும் விக்க மாட்டாக” என்றார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துத் தவிடு வாங்கிக்கொண்டால், அது நம் பிள்ளை இல்லையென்று சாவு விட்டுவிட்டுப் போய்விடும் என்று நம்பிக்கை. அப்படி வருகிற பெயர்தான் தவிட்டான்.

பிணவறை வாசலில் ஆம்புலன்ஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஊரில் சுடுகாட்டில் எல்லாம் ஆயத்தம் என்றார்கள். “அண்ணே, நம்ம நெனப்பு தப்பா இருந்தா? அந்த அம்மா இன்னொரு தடவை மகனைச் சாகக் குடுக்கணுமே” என்றேன். அவர் அதற்குள் பிணவறைப் பக்கம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

“ஆத்தா, ஒங்க மகனைச் சின்னதுல தவிட்டுக்குக் குடுத்தீகளா?”

உறவுக்காரர் ஒருவர் அண்ணனின் சட்டையைப் பிடித்துவிட்டார். “எழவு விழுந்து நிக்கிறோம், என்னய்யா கேள்வி இது?” ராமுத்தாய் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்தார்.

“முந்தி ரெண்டும் தங்கலையே சாமி. இவனை எதுத்த வீட்டுக்காரி கையில குடுத்து, ஒரு மொறம் தவிடு வாங்கிக்கிட்டேன். கேலி பண்ணுறாகன்னு அந்தப் பேரை வெளியில யாரையும் கூப்பிட விடமாட்டானே. ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“உள்ள ஒருத்தர் சொன்னாரு ஆத்தா. வந்து பாருங்க” என்றார் அண்ணன்.

கட்டிலருகே போய் அந்தத் தாய், “ஏலே தவிட்டான்” என்று கூப்பிட்டார். வீங்கிய முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. “ஆத்தா” என்றது.

மகேஸ்வரி கஞ்சி டம்ளரோடு நின்றிருந்தார். நாங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வந்து, அண்ணனின் நெஞ்சில் இரண்டு கைகளாலும் அடித்தார். “சாயங்காலம் வரைக்கும் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா? அதுவரைக்குமாவது எம் புருசன் இருந்திருப்பாகளே!” அடி ஓயும்வரை அண்ணன் அசையவில்லை. தடுக்கப்போன என்னையும் கண்ணால் நிறுத்தினார்.

டாக்டரும் போலீசும் முறைப்படி சரிபார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மகேஸ்வரி தன் கணவரின் உடலை வாங்கிக்கொண்டு ஆனைக்குட்டத்துக்குப் போனார். எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராமுத்தாயின் மகன் பிழைத்துவிட்டார். ஆனால் அண்ணன் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நான் கேட்டதே இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் வழியில் பார்த்தால் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி, “அந்தப் பிள்ளை மகேஸ்வரி மனசை முறிச்சிட்டேனா சிஸ்டர்? வேற மாதிரிச் சொல்லியிருக்கணுமோ?” என்று அதே இடத்துக்கு வந்து நிற்பார். நான் என்ன சமாதானம் சொன்னாலும் அவருக்கு ஒட்டாது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் நானில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்று மாலை கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பழைய நோயாளிகள் பலர் தழும்பேறிய கைகளோடு வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் மண் போடும்போது, ஒரு பெண் என் முழங்கையைத் தொட்டார். மகேஸ்வரி.

“நாங்க வேற சாமி கும்பிடுறவுக. நானும் போடலாமா?”

சாரா அக்கா அதைக் காதில் வாங்கி, அவர் கையைப் பிடித்துக் குழியருகே கூட்டிப்போனார். மகேஸ்வரி மண்ணை அள்ளி, உடனே போடாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, அன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா எம் புருசனை யாரோ கொண்டுபோய் எரிச்சிருப்பாக. நான் கிட்ட இருந்து அனுப்பி வச்சேன். அதைச் சொல்ல எனக்கு இம்புட்டு நாளாயிருச்சு” என்று சொல்லிவிட்டு மண்ணைப் போட்டார்.

நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அண்ணன் இருந்தபோதே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவர்மேல் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் உடனே போய்விட்டது. மனசு ஆறுவதற்கு அவரவருக்கு ஆகிற காலம் ஆகத்தானே செய்யும்?

கூட்டம் கலைந்தபின் நான் மட்டும் குழிமேட்டருகே கொஞ்சநேரம் நின்றேன். “அண்ணே, மகேஸ்வரி வந்துட்டுப் போயிட்டாக. இனி நிம்மதியாத் தூங்குங்க” என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன்.