சஹனின் மறுபக்கம்

இன்று லுஹர் தொழுதபின் போனுக்கு முன்னால் நானும் மகள் நஸீராவும் பேத்தி சஹ்லாவும் இருந்தோம். அந்தப் பக்கம் மலேசியாவில் படிக்கும் பேரன் இர்பான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆரோட தின்ற, மகன்?"

"தனியத்தான் உம்மம்மா."

தனியாகத் தின்பவனுக்கு, பலர் ஒரே தட்டில் கூடித் தின்னும் சஹன் எதற்கு? சோறு அவன் பக்கமும் குறைந்திருந்தது, எதிர்ப்பக்கமும் குறைந்திருந்தது.

எங்களுக்குச் சொல்லாமல் நிக்காஹ் முடித்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"எதிர்ல இரிக்கிற புள்ளைய காட்டு. இல்லாட்டி என்னோட கதைக்காத!"

போனைத் திருப்பினான். தாடி வைத்த பொடியன் ஒருவன் சலாம் சொன்னான். அந்த மூக்கு எனக்குத் தெரியும்.

"நீ சுபைதாட பேரனா?"

"ஓம் உம்மம்மா. இண்டைக்கு நான்தான் சமைச்ச."

"சொன்னா ஏசுவீங்க எண்டுதான் மறைச்ச," என்றான் இர்பான்.

ஏசாமல்? நஸீராவின் கல்யாணத்தில் என்னோடு ஒரே சஹனில் இருந்த சுபைதா, உப்புக் கூடிவிட்டதென்று எல்லோரும் பார்க்க இடையில் எழும்பிப் போனவள். அன்றிலிருந்து அவள் வீட்டாரோடு எங்களுக்குச் சாப்பாடு இல்லை.

"கறிக்கு உப்பு எப்பிடி?" என்று இர்பானிடம் கேட்டேன்.

"கொஞ்சம் கூடத்தான்."

"அப்ப ரெண்டு பேரும் எழும்பாம தின்னுங்க. நான் பார்த்துக்கொண்டு இரிக்கன்."

சஹனை வழித்துத் தின்றார்கள். பொடியன்மேல் எனக்குக் கோபமில்லை, ஊருக்கு வந்தால் இங்கேயும் வந்து தின்னட்டும்.

அவள் தெருவில் இருப்பவர்கள் இதைப் போய் அவளிடம் சொல்லி, அவள் முகம் எப்படிப் போனதென்று கீழே கமெண்டில் எழுதுங்கள். நான் மன்னிக்காதது ஒருத்தியை மட்டும்தான்: சுபைதாவை.