கால் அங்குலத்துக்கு ஒரு பந்தயம்

என் கணவருக்கு எதுவும் பெரிதாக இருந்தால்தான் மனது நிறையும். தோசை பெரிது, கைக்கடிகாரம் பெரிது, வீட்டுக் கேட்டு யானை நுழையும் அளவுக்குப் பெரிது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். பாறையைத் துளைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சின்னது என்றாலே கொஞ்சம் இளப்பம்தான். அவருடைய நண்பர்களும் ரிக் வைத்திருப்பவர்கள். அவர்கள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஹெட்டர் வாங்கி வந்து எங்கள் காருக்குப் பரிசாகக் கொடுத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட அவ்வளவு பல் தெரியவில்லை.

இஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் எரித்துத் துப்பும் புகையை நான்கு குழாய்களில் வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, சைலன்சருக்கு அனுப்புவதுதான் ஹெட்டர். வந்தது கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒவ்வொரு குழாயும் ஒன்றே முக்கால் அங்குல விட்டம். எங்களுடையதோ ஆயிரத்து முந்நூறு சிசி இஞ்சின், அதற்கு ஒன்றரையே போதும்.

“இது கால் இஞ்ச் எச்சுங்க” என்றேன். ஒருவர் காதிலும் விழவில்லை. நண்பர்களில் ஒருவர், கூட்டத்தில் வாய் நீளமானவர், “அம்மிணி, நல்லா ஒரு காப்பி போடு, பைப்ப நாங்க பாத்துக்கறோம்” என்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மண் தரையில் கம்பு நட்டு, வளைத்து வளைத்து ஓட்டும் பந்தயத்துக்காக வாங்கிய பழைய கார். ஓட்டுவது அவர். இஞ்சினைப் பிரித்துக் கோத்தது நான். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். வெல்டிங்கும் வரும். ரிக் நிறுத்தும் செட்டில் ஒரு மூலையைச் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தேன். ஆனாலும் ஊருக்கு அது அவர் கார், அவர் இஞ்சின். யாராவது பாராட்டினால் சிரித்துக்கொண்டே அவர் வாங்கி வைத்துக்கொள்வார். எனக்கு உறுத்தும். பெரிய மனதாக விட்டுவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகவே உறுத்தும்.

பரிசை மாட்டினார்கள். சத்தம் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். தெருவே வாசலுக்கு வந்தது. அந்த வாரமே வறண்டு கிடந்த ஏரிக்குள் ஓட்டிப் பார்த்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நேர் ஓட்டத்தில் குறையில்லை. வளைவில் வேகம் குறைத்துத் திரும்பி மறுபடி மிதித்தால் வண்டி யோசித்தது. சத்தம் மட்டும் முன்னால் போனது, கார் பின்னால் வந்தது. எங்கள் பந்தயமோ முழுக்க வளைவு.

“பைப் பெருசுங்க. புகைக்கு வேகம் பத்தல” என்றேன்.

“அட, பெருசா இருந்தாத்தான புள்ள புகை சீக்கிரமாப் போகும்?”

புகை வேகமாக ஓடினால் அதன் பின்னாலேயே ஓர் இழுப்பு உண்டாகும், அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும், அப்போதுதான் புதுக்காற்று நிறைய உள்ளே வரும் என்று விளக்கினேன். தரையில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். அவர் அதை மிதித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

“நான் ஒண்ணரையில ஒரு ஹெட்டர் பண்றேன். பந்தயத்துல அது சரியா வரலைன்னா இனி இந்த இஞ்சின நான் தொடமாட்டேன்.”

“சொன்ன சொல்லு மாறக் கூடாது” என்றார் அவர் உடனே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டேன். அந்த இஞ்சின் இல்லாமல் எனக்கு அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். சமையலறை இருந்தது.

அடுத்த வாரம் நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் ரிக் ஒரு மஞ்சள் காட்டில் போர் போட்டது. என் பிறந்த ஊர் வழிதான் என்பதால் நானும் போனேன். ரிக்கில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் வண்டியைக் குறித்த இடத்தில் நிறுத்துவதோடு சரி. அதற்குப் பிறகு துளை போடுகிற டிரில்லர் வைத்ததுதான் சட்டம். முதலாளியே ஆனாலும் டிரில்லரைக் கேட்டுத்தான் வாய் திறப்பார். அன்றைக்கு டிரில்லர் ஆறரை அங்குல ஓட்டைக்குத் தயாராக இருந்தார். காட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

“ஏனுங்க, அதே கம்ப்ரசர்ல பத்து இஞ்சா அடிச்சுக் குடுங்களே. ஓட்டை பெருசா இருந்தா நல்லதுதானுங்க?”

டிரில்லர் என் கணவரைப் பார்த்தார். இவர் பொறுமையாக, ஒரு வாத்தியார் போல, விளக்கினார்.

“அப்படி இல்லீங்க. காத்து கீழ போயி, கல்மாவ அள்ளிக்கிட்டு மேல வரோணும். ஓட்டையப் பெருசாக்குனா காத்துக்கு வேகம் கொறைஞ்சு போயிருமுங்க. மாவு மேல வராது. அடியிலயே தங்கிக்கும்.”

நான் வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தேன்.

“இப்பச் சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க.”

அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்துபோனது.

“அது போரு புள்ள. இது காரு.”

“காத்துக்கு அது தெரியுமாங்க?”

டிரில்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இவர் கம்ப்ரசரைப் பார்க்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் செட்டுக்குள் போனபோது பரிசு ஹெட்டர் காரிலிருந்து கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கழற்றியது அவர்தான்.

பந்தயம் பாக்கி இருந்தது. வேலையில் இறங்கியதும் எனக்கே ஒரு சபலம் வந்தது. ஒல்லி நல்லது என்றால் இன்னும் ஒல்லியாக, ஒன்றே கால் போட்டால் என்ன? அதுவும் ஆகாது. மெதுவாகப் போகும்போது அருமையாக இழுக்கும், இஞ்சின் வேகம் ஏறியதும் மூச்சு முட்டிவிடும். சிலிண்டரின் கொள்ளளவையும், வளைவிலிருந்து வெளியே வரும்போது இஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதையும் வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரையில்தான் வந்து நின்றது. நான்கு குழாயும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டுக்கம்பியை உள்ளே விட்டு அளந்தேன். சுடிதாருக்கு மேல் அவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெல்டிங் வைத்தேன். பற்று வைத்த இடங்கள் வரிசை பிசகாமல் விழுந்திருந்தன. என் கையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சப்போகிறார்கள்?

பந்தயம் நாமக்கல் பக்கம் ஒரு பொட்டல் காட்டில். எங்கள் கார் வந்து நின்றதும் வாய் நீளமான நண்பர் காதில் கையை வைத்துக்கொண்டார். “என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? சேமியாவக் கொண்டாந்து மாட்டியிருக்குதா அம்மிணி?” எல்லோரும் சிரித்தார்கள். அந்த நண்பருடைய காரும் எங்கள் காரைப் போன்றதே. அதிலும் ஒன்றே முக்கால்தான்.

அவர் முதலில் ஓட்டினார். நல்ல ஓட்டம், நல்ல சத்தம். பிறகு என் கணவர் புறப்பட்டார். முதல் வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். மிதித்த மாத்திரத்தில் கார் பாய்ந்தது. யோசனையே இல்லை. அடுத்த வளைவிலும் அப்படியே. தூசி அடங்கி நேரத்தைச் சொன்னபோது எங்கள் பிரிவில் நாங்கள் இரண்டாவது. நண்பர் எங்களுக்கு வெகுவாகப் பின்னால் இருந்தார்.

நண்பர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். “என்ன சைசு மாப்ள போட்ட? சொல்லு, நாங்களும் மாத்திக்கறோம்.”

என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் செம்மண்.

“என்னைய ஏப்பா கேக்கறீங்க? நான் டிரைவர். டிரில்லர் அங்க நிக்கறாங்க, அவங்களக் கேளுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் வாயில் ‘அவ’தான். எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்ல மாட்டேன், பெருமைதான். வாய் நீளமான நண்பர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அம்மிணி, என்ற வண்டிக்கு என்ன சைசுங்க போடலாம்?”

“காப்பி குடிச்சீங்களாண்ணா?” என்றேன். பிறகு, “இஞ்சின் என்ன நிலைமையில இருக்குது, வளைவுல எந்த வேகத்துல திருப்பறீங்க, அத மொதல்ல சொல்லுங்க” என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.